நோய்க் காவலும் சுகாதார ஊழியரின் அறிவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சுகாதாரம் பற்றி ஏதேனும் பேசவேண்டும் என்று உங்கள் செயலாளர் என்னைக் கேட்டபோது, தடுப்பூசியின் நன்மைகளைப் பற்றிப் பேசுவேன் என்றே அவர் எண்ணியிருப்பார். அதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. பிள்ளைக்கு ஊசி போடுவிப்பதில் நம் நாட்டுத் தாய்மார் உலகில் எவருக்கும் பின்னிற்பவர் அல்லர். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பிள்ளைகளுக்கு மேல் உரிய காலத்தில் ஊசி பெற்றுவிடுகிற நாடுகளின் வரிசையிலே இலங்கை நெடுங்காலமாக நின்று வந்திருக்கிறது. அதைப் புகழ்ந்துகொண்டு அரை மணி நேரத்தைப் போக்குவதில் எனக்கு விருப்பமில்லை. ஊசி போட்ட பின்பும் நடக்கவேண்டிய காரியம் ஒன்று உண்டு. அது கண்ணுக்குத் தெரியாத காரியம். ஆகையால் அதற்கு மாலையும் இல்லை, மேடையும் இல்லை. தடுப்பூசியால் தடுக்கப்பட்ட நோய் உண்மையாகவே போய்விட்டதா, எங்கேனும் ஒளிந்திருக்கிறதா என்று இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பதே அந்தக் காரியம். நோய்க் கண்காணிப்பு என்று அதனைச் சொல்கிறோம். அதனைச் செய்யும் ஊழியர் எதனை அறிந்திருக்கவேண்டும் என்பதே இன்றைய என் பேச்சின் பொருள்.

பயிற்சி வகுப்புகளிலே இளம் தாதியரிடத்தில் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "தங்கச்சி, இந்த வருஷம் உங்கட வாட்டுக்குச் சின்னமுத்து எத்தனை வந்தது?" என்பேன். "ஒண்டும் வரேல்லை, ஐயா" என்று விடை வரும். "வரேல்லை எண்டு எப்படித் தெரியும்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்பேன். அப்போது வகுப்பு மௌனமாகிவிடும். காய்ச்சலோடு உடம்பிலே சிவந்த தடிப்பு எழுந்து வந்த பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுள் எத்தனை பேருக்கு இரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினோம், அந்தச் சோதனையின் முடிவு யாது என்று சொல்லக்கூடிய ஒருவரே "வரவில்லை" என்று சொல்லத் தகுதியுடையவர். மற்றவர்கள் சொல்லும் "இல்லை" என்பதன் பொருள் "நான் பார்க்கவில்லை" என்பதேயாகும். பத்திரத்தில் எழுதும்போது இரண்டுக்கும் ஒரே பூச்சியந்தான். அந்தப் பூச்சியத்துக்கு எவ்வளவு பெறுமதி என்பது, அதை எழுதியவர் எவ்வளவு அறிந்து எழுதினார் என்பதைப் பொறுத்தது.

இது வெறும் வார்த்தை விளையாட்டு அன்று. மேற்கு ஆபிரிக்காவிலே நைஜீரியா என்னும் பெரிய தேசத்தில் 2014ஆம் ஆண்டு ஆடி மாதத்துக்குப் பின் போலியோ நோயாளி ஒருவரும் காணப்படவில்லை. 2015 செப்டெம்பரில், போலியோ நிலைகொண்டுள்ள நாடுகளின் பட்டியலிலிருந்து உலக சுகாதார நிறுவனம் அந்நாட்டின் பெயரை நீக்கிற்று. எங்கும் மகிழ்ச்சி. ஓராண்டு சென்றதும், 2016 ஆகஸ்டில், அந்நாட்டின் வடகிழக்கு மூலையிலுள்ள போர்னோ மாநிலத்தில் இரண்டு பிள்ளைகள் கால் சோர்ந்து விழுந்திருப்பது தெரியவந்தது. அவ்வருஷ முடிவுக்குள் நால்வர் ஆயினர். அவர்களிடமிருந்து எடுத்த வைரஸின் பரம்பரை அமைப்பை ஆராய்ந்தபோது, அதற்கு மிக நெருங்கிய உறவு 2011ஆம் ஆண்டில் அதே மாநிலத்தில் இறுதியாகக் காணப்பட்ட வைரஸே என்பது தெரியவந்தது. இதன் பொருள் என்ன? ஐந்து வருஷங்களாக அந்த வைரஸ் அங்கே பிள்ளைக்குப் பிள்ளை தாவிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆயுதக் குழுவொன்றின் பிடியில் இருந்த கிராமங்களுக்குள்ளே சுகாதார ஊழியர் போக முடியவில்லை. ஆகவே பூச்சியம் என்று எழுதப்பட்டது. வைரஸோ அந்தப் பூச்சியத்துக்குள்ளேயே குடியிருந்தது.

யுத்தம் நடந்த பூமியில் அப்படி ஆவது இயல்புதானே என்று நீங்கள் நினைக்கலாம். யுத்தம் என்றால் என்ன என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 1995ஆம் ஆண்டு இலங்கையில் போலியோச் சொட்டு மருந்துக்குத் தேசிய தினங்கள் குறிக்கப்பட்டபோது, பிள்ளைகளின் பொருட்டு இருதரப்பிலும் துப்பாக்கிகள் ஓய்ந்திருந்த நாட்கள் இருந்தன. எனவே யுத்தம் என்ற ஒரு சொல்லோடு எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டாம். அமைதியான காலத்திலே, எல்லா வீதிகளும் திறந்திருந்த காலத்திலே நம் நாட்டில் நடந்ததையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். மலேரியா தடுப்பூசியால் ஒழிக்கப்பட்ட நோயன்று என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் இதைவிட நல்ல பாடம் எனக்கு அகப்படவில்லை. 1963ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் மலேரியா கண்டவர்கள் 17 பேர். நோய் ஒழிந்தது என்று மருந்து தெளிப்பதைக் குறைத்தார்கள். காய்ச்சல்காரரின் இரத்தத்தைச் சோதிக்கும் வேலையிலும் ஊக்கம் தளர்ந்தது. 1967இன் பிற்பாதியில் நோய் மீண்டும் தலையெடுத்தது. 1969ஆம் ஆண்டிலே மட்டும் ஐந்து லட்சம் பேருக்கு மேல் நோயாளர். 17 எங்கே, ஐந்து லட்சம் எங்கே! அதன் பிறகு நம் நாடு மலேரியா அற்ற நாடு என்று சான்றிதழ் பெறுவதற்கு 2016 செப்டெம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இங்குள்ள பெரியவர்கள் சிலர் அந்தக் காய்ச்சலின் நடுக்கத்தை நேரில் அறிந்தவர்களாய் இருப்பார்கள்.

இனி நம் நாட்டில் இந்தக் காவல் எவ்வாறு நடக்கிறது என்று பார்ப்போம். இதற்கு அடிப்படையான தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் 1897ஆம் ஆண்டில் ஆக்கப்பட்டது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் என்று அலட்சியம் செய்யவேண்டாம்; அதில் ஒரு விசேஷம் உண்டு. நோயை அறிவிக்கும் கடமை அரசாங்க டாக்டருக்கு மட்டும் விதிக்கப்படவில்லை. நோய்க்கு வைத்தியம் செய்வதாகச் சொல்லும் எவருக்கும் அந்தக் கடமை உண்டு. தனியார் வைத்தியரும் அதில் அடங்குவார், நம் ஊர்ப் பரியாரியாரும் அடங்குவார். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி அமைக்கப்பட்டது. அதன் வழியே வளர்ந்து வந்ததுதான் இன்று ஒவ்வொரு பிரதேசத்திலும் உள்ள சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை.

வைத்தியசாலையில் ஒரு நோயாளிக்கு அறிவிக்கவேண்டிய நோய் இருக்கலாம் என்று தோன்றியதும், எச் 544 என்ற படிவத்தை நிரப்பி, நோயாளி வசிக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்பவேண்டும். அவர் அதனைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுப்பார். நாம் பி.எச்.ஐ. என்று சொல்கிறோமே, அவர்தான். அவர் வீடு தேடிச் சென்று விசாரித்து எச் 411 என்ற படிவத்தில் அறிக்கை எழுதுவார். இவையெல்லாம் சேர்ந்து வாரந்தோறும் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். அங்கே வாராந்த அறிக்கையாக வெளிவரும். நோயாளி இல்லாத வாரத்திலும் அறிக்கை போகவேண்டும். வராத அறிக்கையும் பூச்சியம் என்று வந்த அறிக்கையும் ஒன்றாகிவிடக் கூடாதல்லவா?

படிவத்தில் கஷ்டம் எதுவும் இல்லை. அது ஒரு பக்கந்தான். கஷ்டமெல்லாம் "இருக்கலாம் என்று தோன்றியதும்" என்ற இடத்தில் இருக்கிறது. சந்தேகம் எழுந்த மாத்திரத்தில் அறிவிக்க வேண்டும். நிச்சயமாகும் வரை காத்திருக்கக் கூடாது. படித்தவர்களுக்கு இதை விளங்கவைப்பதுதான் மிகக் கடினம். பிழையாக எழுதிவிட்டால் சிரிப்பார்களே, மேலதிகாரி கேள்வி கேட்பாரே என்ற எண்ணம் பேனையைத் தடுத்துவிடுகிறது. இரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று கோவையை ஓரமாக வைத்துவிடுகிறார்கள். ஆனால் சின்னமுத்தோ, தடிப்பு எழுவதற்கு நான்கு நாள் முன்னதாகவே மற்றவர்களுக்குத் தொற்றத் தொடங்கி, தடிப்பு எழுந்த பின் நான்கு நாள் வரை தொற்றிக்கொண்டிருக்கும். ஒரு வார காலம் பரிசோதனை முடிவுக்குக் காத்திருந்து, பின்பு பி.எச்.ஐ. அந்த வீட்டுப் படலையைத் திறக்கும்போது, பிள்ளை குணமாகி முற்றத்தில் விளையாடிக்கொண்டிருக்கும். அதனிடத்திலிருந்து நோயைப் பெற்ற பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைதான் படுத்திருக்கும்.

போலியோ விஷயத்தில் இது இன்னும் வினோதமாக இருக்கும். இலங்கையில் இறுதியாகப் போலியோ கண்டது 1993ஆம் ஆண்டு. நாம் உட்பட்ட தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதும் போலியோ அற்றது என்று 2014 மார்ச் 27ஆந் திகதி சான்று பெற்றது. அப்படியானால் இனி எதைத் தேடுவது? பதினைந்து வயதுக்கு உட்பட்ட எந்தப் பிள்ளைக்காவது கையோ காலோ திடீரெனத் துவண்டு சோர்ந்துபோனால், காரணம் எதுவாயினும், அதை உடனே தொலைபேசியில் அறிவிக்கவேண்டும் என்பது விதி. போலியோ அல்லாத காரணங்களாலும் இப்படி நேர்வதுண்டு. கில்லன்–பாரே என்றொரு நரம்பு நோய் இருக்கிறது. இன்று பெரும்பாலும் அதுவே காரணமாக இருக்கும். பார்த்தவுடனே நல்ல டாக்டர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்துவிட்டு, "இது போலியோ இல்லையே, எதற்கு அறிவிப்பது?" என்று விட்டுவிடுவார். அவருடைய வைத்திய அறிவில் குறையே இல்லை. கண்காணிப்பு அறிவு அங்கே இல்லை என்பதுதான் குறை.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், ஒரு கணக்கு இருக்கிறது. பதினைந்து வயதுக்கு உட்பட்ட ஒரு லட்சம் பிள்ளைகளை எடுத்துக்கொண்டால், போலியோ சிறிதும் இல்லாத நாட்டிலும் ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்காவது வேறு காரணங்களால் இப்படிக் கால் சோர்வு வரவே செய்யும். ஒரு மாவட்டத்தில் லட்சம் பிள்ளைகள் இருந்தும், ஆண்டு முழுவதும் ஒன்றுகூட அறிவிக்கப்படவில்லையென்றால், அம்மாவட்டத்துப் பிள்ளைகள் பாக்கியசாலிகள் என்பதல்ல முடிவு. அங்குள்ளவர்கள் பார்க்கவில்லை என்பதே முடிவு. போலியோ அல்லாத நோயைச் சரியாக எண்ணிக் காட்டுகிறவர்களே, போலியோ இல்லை என்று சொல்லும் உரிமை படைத்தவர்கள். மீன் இல்லை என்று சொல்லுகிறவனின் வலையில் மற்றச் சிறு பிராணிகளாவது அகப்பட்டிருக்கவேண்டுமல்லவா? ஒன்றுமே அகப்படாத வலையைத் தூக்கிப் பார்த்தால் ஓட்டைதான் தெரியும்.

அறிவித்ததோடு வேலை முடிந்துவிடாது. நோய் தொடங்கி பதினான்கு நாளுக்குள், ஒரு நாள் இடைவெளி விட்டு, இரண்டு தடவை அந்தப் பிள்ளையின் மலத்தை எடுக்கவேண்டும். பெரியவர் பெருவிரலின் நுனியளவு போதும். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துச் சூடு ஏறாமல் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பவேண்டும். ஏன் இரண்டு தடவை? வைரஸ் மலத்தில் ஒரே அளவாய் வெளியேறுவதில்லை. ஒரு நாள் இருக்கும், மறுநாள் அகப்படாது. ஏன் பதினான்கு நாள்? அதற்குப் பின் வைரஸ் வெளியேறுவது குறைந்துவிடும். ஏன் பனிக்கட்டி? வெயிலில் வைரஸ் செத்துவிட்டால் சோதனைசாலை "இல்லை" என்றுதான் எழுதும்; அதுவும் ஒரு பொய்ப் பூச்சியமாகிவிடும். அறுபது நாள் கழித்துப் பிள்ளையை மீண்டும் பார்த்து, கால் திரும்பிற்றா, சோர்வு நின்றுவிட்டதா என்று எழுதவும் வேண்டும். இந்த "ஏன்"களுக்கு விடை தெரிந்த தாதி பதின்மூன்றாம் நாள் மாலையானாலும் வாகனம் தேடுவாள். விடை தெரியாதவள் திங்கட்கிழமை பார்ப்போம் என்பாள். விதியைப் பாடமாக்கியவர்கள் பலர். அதன் காரணத்தை அறிந்தவர்கள் சிலர். பயிற்சி கொடுப்பவர்கள் இந்த இடத்தில்தான் நேரத்தைச் செலவிடவேண்டும் என்பது என் அபிப்பிராயம். நம் பயிற்சி வகுப்புகளோ பெரும்பாலும் படிவத்தின் எண்களைச் சொல்லிக் கொடுத்துவிட்டுத் தேநீருக்குக் கலைந்துவிடுகின்றன.

போலியோ வைரஸ் தொற்றியவர்களில் ஏறக்குறைய இருநூறு பேரில் ஒருவருக்கே கால் சோரும் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். மற்ற நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரும் ஒன்றும் தெரியாமல் நடமாடுவார்கள். ஆகவே ஒரு பிள்ளை தவறிப் போனால் ஒரு பிள்ளை தவறியதாக எண்ணக் கூடாது.

இந்த அறிவு மங்கிப் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது தடுப்பூசியின் வெற்றியேதான். வைத்தியக் கல்லூரியிலிருந்து இப்போது வெளிவருகிற இளம் டாக்டர் தொண்டைக்கரப்பான் என்னும் டிப்தீரியாவைப் படத்தில் மட்டும் பார்த்திருப்பார். பிறந்த குழந்தைக்கு வரும் ஏற்புவலியைப் பார்த்த இளம் மருத்துவமாதுக்கள் இன்று எத்தனை பேர் இருப்பார்கள்? இந்த மண்டபத்தின் முன் வரிசையிலோ, 1962இல் போலியோ கொள்ளை நோயாய்ப் பரவிய காலத்தைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அவ்வாண்டில்தான் இலங்கையில் வாய்ச் சொட்டு மருந்து தொடங்கப்பட்டது. குக்கல் இருமலில் பிள்ளை இருமி இருமி, இறுதியில் மூச்சை உள்ளே இழுக்கும்போது கேட்கும் அந்தக் கூவல் ஓசையைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அந்த ஓசையை ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார். புத்தகத்தில் படித்தவருக்கு அது விளங்காது. இன்று ஒரு பிள்ளை அப்படி இருமினால், முதலில் அடையாளம் காணக்கூடியவர் டாக்டர் அல்லர், அந்த வீட்டுப் பாட்டிதான். "இது வெறும் தடிமன் இல்லைப் பிள்ளை, குக்கல் மாதிரிக் கிடக்கு" என்று அவர் சொன்னால், அம்மா, உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று வாயை அடைத்துவிடாதீர்கள். அது ஒரு சந்தேகம். அறிவிப்பதற்கு அது போதும்.

அறியாமல் விட்டதும் அறிந்து சொன்னதும் ஒரே மனிதன் விஷயத்தில் சேர்ந்து வந்த ஒரு சம்பவம் உண்டு. வைசூரி உலகத்தை விட்டுப் போன கதை அது. 1977 ஒக்டோபரில் சோமாலியா நாட்டில் மேர்க்கா என்ற துறைமுகப் பட்டினத்தில், வைசூரி கண்ட இரு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு வாகனம் வந்தது. வழி தெரியாமல் நின்றபோது, வைத்தியசாலைச் சமையற்காரரான அலி மாவ் மாலின் என்ற இளைஞர் ஏறி வழி காட்டினார். சில நிமிஷப் பயணம். அவர் முன்பு தடுப்பூசி போடும் வேலையிலும் சில காலம் இருந்தவர். தாம் மட்டும், ஊசி நோகும் என்று பயந்து, போட்டுக்கொள்ளாதவர். சில நாளில் காய்ச்சல் கண்டது. மலேரியா என்றார்கள். தடிப்பு எழுந்தது. கொப்புளிப்பான் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உலகமே வைசூரியின் கடைசி நோயாளியைத் தேடிக்கொண்டிருந்த அந்நாளில், அதே ஊரில் வைத்தியசாலை ஊழியர் ஒருவரே நோயாளியாகப் படுத்திருந்தும் அடையாளம் காணப்படவில்லை. அவரை அறிந்த ஆண் தாதி ஒருவர்தான் சந்தேகப்பட்டு அறிவித்தார். உடனே அவரோடு பழகிய 161 பேரைத் தேடிப் பிடித்தார்கள். இரண்டு வாரத்தில் அந்தப் பட்டினத்திலும் சுற்றிலும் ஏறக்குறைய 55,000 பேருக்கு ஊசி போட்டார்கள். அவரிடமிருந்து ஒருவருக்கும் நோய் பரவவில்லை. இயற்கையாய் வைசூரி கண்ட கடைசி மனிதர் அவரே. 1980 மே 8ஆந் திகதி வைசூரி உலகிலிருந்து ஒழிந்ததென்று பிரகடனம் செய்யப்பட்டது. பிற்காலத்தில் அவர் போலியோச் சொட்டு மருந்து வேலையில் தொண்டராகச் சேர்ந்து, மறுக்கும் பெற்றோரிடம் தம் கதையைச் சொல்லி வந்தார். 2013இல் அந்த வேலையில் இருக்கும்போதே மலேரியாக் காய்ச்சலால் இறந்தார்.

வைசூரிக்கும் கொப்புளிப்பானுக்கும் வித்தியாசம் காண்பது அப்போது எவ்வளவு பெரிய காரியமாயிருந்தது என்பதைக் கவனியுங்கள். வைசூரி முகத்திலும் கைகால்களிலும் நெருக்கமாய் எழும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலுங்கூட வரும். கொப்புளிப்பான் நெஞ்சிலும் முதுகிலும் மிகுதியாய் வரும். ஒரே நேரத்தில் சில காய்ந்தும் சில புதிதாயும் இருக்கும். இந்தியாவிலே 1973இலிருந்து சுகாதார ஊழியர் வைசூரிப் படம் அச்சிட்ட அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று, இப்படி யாரையாவது கண்டீர்களா என்று கேட்டார்கள். சந்தையிலும் பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகளிடமும் கேட்டார்கள். பெரியவர்கள் மறைத்ததைப் பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள்.

நம்மிடத்திலும் மறைக்கும் வழக்கம் இல்லாமலில்லை. சின்னமுத்தும் கொப்புளிப்பானும் அம்மாள் வருத்தம். அதை வாயால் சொல்வதற்கே அஞ்சுவோம், டாக்டரிடம் போகமாட்டோம், தண்ணீர் வார்த்து முடிந்த பின்னர்தான் அயலவர்க்குத் தெரியவரும். இதைச் சொல்லும்போது நம் முன்னோர் வழக்கத்தை இகழ வந்தேன் என்று எவரும் நினைக்கவேண்டாம். படலையில் வேப்பிலை செருகினார்களே, அதன் கருத்து என்ன? இந்த வீட்டில் அம்மாள் வந்திருக்கிறாள், வெளியார் உள்ளே வரவேண்டாம், வீட்டார் வெளியே போகமாட்டோம் என்று ஊருக்கு அறிவித்தார்கள். எச் 544 வருவதற்கு முன்னமே நம் ஊரில் இருந்த அறிவித்தற் படிவம் அந்த வேப்பங்கொப்பு என்று நான் சொல்வதுண்டு. இப்போது என்ன நடக்கிறதென்றால், வேப்பிலை செருகுவதையும் விட்டோம், அறிவிப்பதையும் கைக்கொள்ளவில்லை. பிள்ளைக்குத் தடிப்பு எழுந்தால் இரண்டு நாள் வீட்டில் வைத்துவிட்டு, சோதனை இருக்கிறதென்று மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுகிறோம். பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

சரியாக எழுதப்பட்ட ஒரு சிறு விவரம் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு நம் நாட்டு உதாரணம் ஒன்றைச் சொல்கிறேன். சின்னமுத்துத் தடுப்பூசி இலங்கையில் 1984இல் தொடங்கப்பட்டது. ஒன்பது மாதத்தில் போட்டு வந்ததை, 2011இல் மூன்று நோய்களுக்குமான கூட்டு ஊசி வந்தபோது, ஒரு வயது நிறைந்த பின் போடுவது என்று மாற்றினார்கள். அந்த மாற்றத்துக்கு நியாயம் இருந்தது. வயது கூடும்போது ஊசி நன்றாய்ப் பிடிக்கும். ஆனால் 2013இலும் 2014இலும் சின்னமுத்து மீண்டும் பரவிற்று. நோயாளரின் பட்டியலை வயது வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, ஊசி போடும் வயதை எட்டாத, ஒரு வயது நிரம்பாத குழந்தைகள் பெருந்தொகையாய் இருந்தார்கள். ஆகவே 2015இல் மறுபடியும் ஒன்பது மாதத்துக்கே ஊசியைக் கொண்டுவந்தார்கள். வீடு தேடிப் போன பி.எச்.ஐ. பிள்ளையின் வயதை "1" என்று தோராயமாக எழுதியிருந்தால் இந்த உண்மை வெளிப்பட்டிருக்குமா? பத்து மாதக் குழந்தையும் ஒரு வயது, இருபது மாதக் குழந்தையும் ஒரு வயது என்று ஆகியிருக்கும். பிறந்த திகதியைக் கேள், ஊசி அட்டையை வாங்கிப் பார், கண்ணால் கண்டதை எழுது என்று நாம் ஓயாமல் சொல்வதன் காரணம் இதுதான். ஊசி போட்டதா என்று கேட்டால் எந்தத் தாயும் ஓம் என்றுதான் சொல்வாள். அட்டை பொய் சொல்லாது.

2019 ஆடியில் இலங்கை சின்னமுத்தை ஒழித்த நாடு என்று அங்கீகாரம் பெற்றது. 2023இல் அது மீண்டும் தலைகாட்டிற்று. 2024 ஜனவரியில் ஒன்பது மாவட்டங்களில் ஆறு மாதத்துக்கும் ஒன்பது மாதத்துக்கும் இடைப்பட்ட குழந்தைகளுக்கு விசேஷமாக ஊசி போட வேண்டியதாயிற்று. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்று முதலில் பெருமை பேசினேன் அல்லவா? மிகுதி ஐந்தை எண்ணிப் பாருங்கள். ஆண்டுக்கு மூன்று லட்சம் பிள்ளைகள் பிறந்த காலத்தில் அந்த ஐந்து வீதம் 15,000 பிள்ளைகள். பத்து வருஷத்தில் ஒன்றரை லட்சம். அவர்கள் நாடெங்கும் பரந்து இருந்தால் ஆபத்துக் குறைவு. ஒரே தோட்டத்தில், ஒரே குடியிருப்பில், ஒரே கரையோரக் கிராமத்தில் கூடியிருந்தால் ஒரு தீப்பொறி போதும். எங்கே கூடியிருக்கிறார்கள் என்பதைக் கொழும்பில் இருப்பவர் அறியமாட்டார். அந்த ஒழுங்கையில் சைக்கிளில் போகிற மருத்துவமாது அறிவார், நீங்களும் அறிவீர்கள்.

ஆகவே இளைஞர்களிடம் நான் கேட்பது பெரிய தியாகம் எதுவும் அல்ல. உங்கள் அயலில் காய்ச்சலோடு தடிப்பு எழுந்த பிள்ளையைக் கண்டால், திடீரெனக் கால் சோர்ந்த பிள்ளையைக் கேள்விப்பட்டால், அன்றைக்கே மருத்துவமாதுக்கோ பி.எச்.ஐ.க்கோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ சொல்லுங்கள். பணிமனையின் தொலைபேசி எண்ணைச் சங்க வாசிகசாலையில் பத்திரிகை வைக்கும் மேசைக்கு மேலே எழுதி ஒட்டிவையுங்கள். வெளியூரிலிருந்து கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை செய்துவிட்டுத் திருவிழாவுக்கு வருகிறவர்களின் கைக்குழந்தைகளையும் கவனியுங்கள். வைரஸுக்குப் பயணச்சீட்டு வேண்டாம். சொன்னது பிழையாகப் போனால் உங்களை எவரும் குறை சொல்லமாட்டார். பத்துச் சந்தேகங்களில் ஒன்பது பிழையாய்ப் போவதுதான் இந்த வேலையின் ஒழுங்கு.

உங்களில் சிலர் தாதியராகவும் மருத்துவமாதுக்களாகவும் பி.எச்.ஐ.களாகவும் பயிற்சிக்குப் போகக் காத்திருக்கிறீர்கள் என்று தலைவர் சொன்னார். சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை முதலுதவி வகுப்பில் இந்த விஷயத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குவதாக அவர் வாக்களித்திருக்கிறார். அன்றைக்கு எச் 544 படிவத்தில் சில பிரதிகள் கொண்டுவருகிறேன். ஒரு நோயாளியின் விவரத்தை நான் வாசிப்பேன். ஒவ்வொருவரும் தனித்தனியே நிரப்பிப் பார்க்கலாம். பெரியோர்களும் வந்தால் நல்லது. குக்கலின் ஓசை எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்குச் செய்து காட்ட ஒருவர் தேவை.